எடிஃபோலிகைடு எங்கே தவறியது? பைபாஸ் சிரைக் கிராஃப்ட் தடிப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இதய பைபாஸ் அறுவைசிகிச்சையில் காலிலிருந்து எடுத்துப் பொருத்தும் சிரை, சில மாதங்களில் உட்புறம் தடித்துக் குறுகத் தொடங்குகிறது. இதை ஒரே ஒரு மருந்துக் கரைசலால், அதுவும் அறுவை அரங்கிலேயே பத்து நிமிடத்தில், தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் உருவானது எடிஃபோலிகைடு. ஆய்வகத்தில் அது வேலை செய்தது. முயலிலும் வேலை செய்தது. 41 பேரிடம் நடந்த முதல் மனித ஆய்வில் கிடைத்த முடிவும் வியக்கவைத்தது. ஆனால் 3,014 பேரிடம் சோதித்தபோது மருந்து பெற்ற சிரைக்கும் பெறாத சிரைக்கும் வேறுபாடே தெரியவில்லை. மருந்து தோற்றதற்கான காரணங்களையும், அதே ஆய்வின் தரவுகளிலிருந்து கிடைத்த பாடங்கள் இன்றைய அறுவை அரங்கில் எப்படிப் பயன்படுகின்றன என்பதையும் இங்கே பார்க்கலாம்.

சிரைக்கு என்ன நேர்கிறது

1967-ல் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அறுவைசிகிச்சை நிபுணர் ரெனே ஃபவலோரோ காலின் சாஃபீனஸ் சிரையை இதயத் தமனிக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அதிகம் பயன்படும் கிராஃப்ட் (மாற்றிப் பொருத்தும் ரத்தக்குழாய்) அதுதான். நீளமாகக் கிடைக்கிறது, எடுப்பது எளிது, தைப்பதும் எளிது. குறை ஆயுளில்தான். மார்பின் உட்சுவரிலிருந்து எடுக்கும் இடது உள்மார்புத் தமனி பத்தாண்டுக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பேரிடம் திறந்திருக்கிறது. சிரைகளில் அதே காலத்துக்குப் பின் தாக்குப்பிடிப்பவை ஏறத்தாழ பாதிதான்.

சிரை அடைபடுவதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதல் மாதத்தில் அடைபட்டால் பெரும்பாலும் ரத்தக்கட்டுதான் காரணம். தையலில் குறுகல், குழாய் முறுக்கிக்கொள்வது, ரத்தம் போய்ச் சேரும் தமனி மிகச் சிறியதாக இருப்பது, எடுக்கும்போது உட்படலம் (குழாயின் உட்புறத்தைப் போர்த்தும் மெல்லிய செல் வரிசை) சேதமாவது ஆகியவை இதன் பின்னால் இருக்கும். முதல் மாதத்துக்குப் பின் ஓராண்டு வரை உள்ளடுக்குத் தடிப்பின் காலம். அதற்குப் பிறகு, தடித்த அந்த உள்ளடுக்கின் மேலேயே கொழுப்புப் படிவு வளர்கிறது.

தடிப்பு நோயாகத் தொடங்குவதில்லை. காலில் 5 முதல் 10 மி.மீ. பாதரச அழுத்தத்தில் இருந்த சிரை, இதயத்தின் மேல் வந்ததும் ஒரே நொடியில் தமனியின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. குழாய்ச் சுவரின் இழுவிசை அழுத்தத்தோடும் ஆரத்தோடும் கூடும். சுவர் தடித்தால் குறையும். ஆகவே மெல்லிய சிரைச் சுவர் தடிப்பது ஒரு தற்காப்பு. இந்தத் தற்காப்பு அளவு மீறும்போதுதான் சிக்கல். உட்படலம் உரிந்த இடத்தில் தட்டணுக்கள் ஒட்டி வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுகின்றன. குழாயைத் தளர்த்திக் காக்க உட்படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் புராஸ்டசைக்ளினும் குறைகின்றன. சில நாள்களுக்குள் நடுவடுக்கின் மென்தசைச் செல்கள் பிரியத் தொடங்கி, உள்ளடுக்குக்கு நகர்ந்து, தம்மைச் சுற்றிக் கொலாஜன் போன்ற பொருள்களைச் சுரந்து நிரப்புகின்றன. பின்னாளில் தடிப்பின் கனத்தில் பெரும்பங்கு இப்படிச் சுரந்த பொருள்தான், செல்கள் அல்ல. இந்தக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

மருந்தின் தர்க்கம்

செல் பிரிவதற்கான கதவைத் திறப்பவற்றில் இ2எஃப் என்னும் புரதக் குடும்பம் முக்கியமானது. ஓய்வில் இருக்கும் செல்லில் ரெட்டினோபிளாஸ்டோமா புரதம் இதைப் பிடித்து வைத்திருக்கும். வளர்ச்சிச் சமிக்ஞை வந்ததும் பிடி தளர்கிறது. விடுபட்ட இ2எஃப் டி.என்.ஏ.-யில் தனக்குரிய வரிசையைத் தேடிப் பிடித்து, செல் பிரிவுக்குத் தேவையான பல மரபணுக்களை ஒன்றாக இயக்குகிறது.

எடிஃபோலிகைடு என்பது அந்த வரிசையைத் தாங்கிய, 14 இணைகள் கொண்ட சிறு இரட்டைச் சரட்டு டி.என்.ஏ. துண்டு. செல்லுக்குள் இவற்றை ஏராளமாகப் புகுத்தினால் இ2எஃப் உண்மையான மரபணுவை விட்டு இந்தப் போலிகளைப் பிடித்துக்கொள்ளும், செல் பிரியாது. மரபணு எதையும் மாற்றத் தேவையில்லை, வைரஸ் தேவையில்லை, உடலுக்குள் ஊசியும் தேவையில்லை. ஆய்வாளர் விக்டர் ஜாவின் குழுவினர் 1995-ல் எலியின் கழுத்துத் தமனியில் இந்தக் கருத்தைக் காட்டினார்கள். பின்னர் முயல்களின் சிரைக் கிராஃப்டுகளிலும் பலன் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் கோர்ஜென்டெக் நிறுவனம் மருந்தை வளர்த்தெடுக்க, 2003-ல் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் கூட்டுச் சேர்ந்தது.

அரங்கில் செய்தது

முறை எளிமையானது. எடுத்த சிரையை உள்ளும் புறமும் கரைசல் நிறைந்த ஒரு குழாய்க் கருவிக்குள் வைப்பார்கள். மருந்தின் செறிவு லிட்டருக்கு 40 மைக்ரோமோல். சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அழுத்தம், அதாவது சுமார் 310 மி.மீ. பாதரசம், பத்து நிமிடம் தரப்படும். உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் என்பதால் சுவர் விரிவதில்லை, அழுத்தம் டி.என்.ஏ. துண்டுகளைச் செல்களுக்குள் தள்ளுகிறது. பிறகு வழக்கம்போல் சிரையைத் தைத்துவிடுவார்கள்.

1999-ல் வெளியான முதல் பிரிவென்ட் ஆய்வு காலுக்கான பைபாஸில் நடந்தது. 17 பேருக்கு மருந்து, 16 பேருக்குச் சிகிச்சை எதுவும் இல்லை, 8 பேருக்கு வரிசை கலைத்த பொருளற்ற டி.என்.ஏ. சிரையின் செல்களில் 89% அளவுக்கு மருந்து போய்ச் சேர்ந்திருந்தது. செல் பிரிவைக் காட்டும் அளவீடுகள் 70 முதல் 74% வரை இறங்கின. ஓராண்டில் கிராஃப்ட் அடைபடுவது, மறுசிகிச்சை தேவைப்படுவது, கடுமையாகக் குறுகுவது ஆகியவற்றுக்கான ஆபத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததாகக் கணக்கு வந்தது. ஆனால் அந்த மதிப்பீட்டின் நம்பக எல்லை, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு, 0.12-லிருந்து 0.99 வரை நீண்டிருந்தது (1 என்றால் பலனே இல்லை). இன்னும் ஒரு நோயாளியின் முடிவு மாறியிருந்தாலே அந்தப் பலன் புள்ளியியலில் மதிப்பிழந்திருக்கும். அடுத்துச் சுமார் 200 இதய பைபாஸ் நோயாளிகளிடம் நடந்த இரண்டாம் ஆய்வும் நம்பிக்கை அளித்தது. பெரிய ஆய்வுகள் தொடங்கின.

முடிவு

பிரிவென்ட்-3 காலுக்கான பைபாஸ்: 1,404 நோயாளிகள், வட அமெரிக்காவில் 83 மையங்கள். மறுசிகிச்சையோ கால் இழப்போ குறையவில்லை. மறுசிகிச்சைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓராண்டில் திறந்திருந்த கிராஃப்டுகள் மருந்துக் குழுவில் 83%, மற்றதில் 78%. இந்தத் துணை அளவீட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மருந்து பலித்ததாகச் சொல்வது சரியாகாது. முதன்மை அளவீடு தோற்றுவிட்டது.

பிரிவென்ட்-4 இதய பைபாஸ்: அமெரிக்காவில் 107 மையங்கள், 2002 ஆகஸ்ட் முதல் 2003 அக்டோபர் வரை 3,014 பேர். குறைந்தது இரண்டு சிரைக் கிராஃப்ட் திட்டமிடப்பட்டவர்கள். யாருடைய சிரைக்கு மருந்து, யாருடையதற்கு வெறும் கரைசல் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 12 முதல் 18 மாதத்துக்குள் ஆஞ்சியோகிராம் எடுத்து, 75% அல்லது அதற்கு மேல் குறுகியிருந்தால் தோல்வி என்று கொண்டார்கள். அதற்குள் இறந்தவர்களும் அதில் சேர்ந்தார்கள். மருந்துக் குழுவில் 45.2%, மற்றக் குழுவில் 46.3%. வேறுபாடு இல்லை.

மருந்தைவிட அதிர்ச்சி தந்தது அந்த 45 என்ற எண். ஒன்றரை ஆண்டுக்குள் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஒரு சிரையாவது தோற்றிருந்தது. முதலாண்டில் பத்தில் ஒன்று அல்லது சற்று மேல் என்று கிராஃப்ட் வாரியாகச் சொல்லிப் பழகியிருந்த துறைக்கு, நோயாளி வாரியாக எண்ணிய இந்தக் கணக்கு கண்ணைத் திறந்தது.

ஏன் பலிக்கவில்லை

முதல் காரணம், மருந்து குறிவைத்ததும் ஆய்வு அளந்ததும் வெவ்வேறு. உள்ளடுக்குத் தடிப்பு மட்டுமே தனியாக நின்று குழாயை 75% குறுக்குவது அரிது. அது பெரும்பாலும் ரத்தக்கட்டுக்கும் பின்னாளைய கொழுப்புப் படிவுக்கும் களம் அமைத்துத் தருகிறது. முதல் ஓராண்டில் அடைபட்டுப்போன சிரையை ஆஞ்சியோகிராமில் பார்த்தால், அது மூன்றாம் நாள் தையல் கோளாறால் மூடியதா, எட்டாம் மாதம் தடிப்பால் மூடியதா என்று சொல்ல முடியாது. முதல் வகைக்கு எடிஃபோலிகைடு எதுவும் செய்யாது. இந்தக் காரணம்தான் மற்ற எல்லாவற்றையும்விட எடை கூடியது என்பது எங்கள் கணிப்பு.

இரண்டாவது, பத்து நிமிட ஊறல் ஒரே தடவை. தமனி அழுத்தத்தில் சுவர் விரிந்து சுருங்குவது நாள்தோறும் நடக்கிறது. செல் பிரிவைத் தொடக்கத்தில் அடக்கினாலும், செல் நகர்வதையும் கொலாஜன் சுரப்பதையும் அது நேரடியாக நிறுத்துவதில்லை. தடிப்பின் கனம் எதில் இருக்கிறது என்று முன்னே சொன்னதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இ2எஃப் குடும்பத்திலும் எல்லாம் செல் பிரிவைத் தூண்டுபவை அல்ல. சில அதை அடக்குபவை. போலி டி.என்.ஏ. இரண்டையும் வேறுபடுத்தாமல் பிடிக்கும்.

மூன்றாவது, முயல் இளமையானது, அதன் சிரை பழுதற்றது. பைபாஸுக்கு வருபவரின் சிரையில் அறுவைக்கு முன்பே தடிப்பும் நார்த்திசுவும் இருக்கலாம். முயலில் ரத்தம் போய்ச் சேரும் தமனியும் ஆரோக்கியமானது. நோயாளியில் அப்படி இல்லை.

நான்காவது ஒன்றையும் மறக்கக் கூடாது. ஒப்பீட்டுக் குழுவின் சிரைகளும் அதே கருவிக்குள் அதே அழுத்தத்துக்கு உட்பட்டன. அழுத்தத்தாலோ கூடுதல் கையாளலாலோ தீங்கு வந்திருந்தால் இரு பக்கமும் சமமாக வந்து ஒப்பீட்டில் மறைந்துபோயிருக்கும்.

தோற்ற ஆய்வு தந்த தரவு

மருந்து போனாலும் ஆஞ்சியோகிராம் எடுத்த ஆயிரக்கணக்கான சிரைகளின் விவரம் மிஞ்சியது. அதைத் துருவியதில் கையாளும் முறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

2009-ல் வெளியான பகுப்பாய்வில், சிறு துளை வழியே கேமரா கருவியால் சிரை எடுக்கப்பட்டவர்களில் 46.7% பேருக்கும், நேரடியாகக் கீறி எடுத்தவர்களில் 38.0% பேருக்கும் கிராஃப்ட் தோற்றிருந்தது. மூன்றாண்டு இறப்பும் முதல் வகையில் கூடுதல். இது குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீடு அல்ல. பின்னர் குலுக்கல் முறையில் 1,150 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ரீகுரூப் ஆய்வில், அனுபவமிக்க கைகள் எடுத்தபோது இறப்பு, மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றின் கூட்டு விகிதம் 13.9%, கீறல் முறையில் 15.5%. வேறுபாடு இல்லை, கால்புண் தொற்று மட்டும் கேமரா முறையில் குறைவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கருவியைவிடக் கையே முக்கியம் என்று தெரிகிறது. புதிதாகக் கற்பவர் சிரையை இழுத்து, கிளைகளைச் சூட்டுக்கோலால் நெருங்கிச் சுட்டு எடுக்கும்போதுதான் உட்படலம் போகிறது.

சேமிக்கும் கரைசலும் அதே தரவில் தென்பட்டது. சாதாரண உப்புக் கரைசலிலோ ரத்தத்திலோ வைத்த சிரைகளைவிட, அமிலச் சமநிலை காக்கும் கரைசலில் வைத்தவை குறைவாகத் தோற்றன. சாதாரண உப்புக் கரைசலின் பி.எச். 7.4-ஐவிட நன்றாகவே கீழே, அமிலப் பக்கம் இருக்கிறது. அரை மணியோ ஒரு மணியோ அதில் கிடக்கும் உட்படலம் பழுதடைவதில் வியப்பில்லை. ஒரே சிரையை இரண்டு மூன்று தமனிகளுக்குத் தொடராகத் தைத்ததும் தோல்வியோடு சேர்ந்து வந்தது.

அரங்கில் இன்று செய்ய வேண்டியவை

அறுவைக்கு முன் அல்ட்ராசவுண்டில் சிரையைப் பார்த்து, புடைத்துச் சுருண்ட பகுதியையும் சுவர் தடித்த பகுதியையும் ஒதுக்கிவிடுவது முதல் வேலை.

எடுக்கும்போது சிரையை இடுக்கியால் நேராகப் பிடிப்பதே கூடாது. சுற்றியுள்ள திசுவைப் பிடித்துத்தான் நகர்த்த வேண்டும். கிளைகளைக் கட்டும் இடத்தில் கவனம் தேவை. சுவரை ஒட்டிக் கட்டினால் குழாய் அங்கே சுருங்கும். தள்ளிக் கட்டினால் மிஞ்சும் குட்டைத் துண்டில் ரத்தம் தேங்கிக் கட்டும். சுமார் ஒரு மில்லிமீட்டர் விட்டுக் கட்டுவது நடைமுறை. முறுக்காமல் இருக்க ஒரு பக்கம் கோடு போடும் வழக்கம் உண்டு. தோலில் குறிக்கும் சாதாரண பேனாவின் சாயமும் ஆல்கஹாலும் சிரையின் செல்களைப் பாதிக்கின்றன. கோடு இல்லாமலேயே கிளைகளின் திசையை வைத்துச் சிரையைச் சரிபார்க்கப் பழகுவது நல்லது.

மிகப் பெரிய சேதம் கசிவு பார்க்கும்போது நேர்கிறது. சிரைக்குள் கரைசலை ஏற்றி விரிக்கும்போது கையில் உள்ள ஊசிக்குழாய் 300 மி.மீ. பாதரசத்தை மிக எளிதாகத் தாண்டிவிடும். ஊசிக்குழாய் சிறியதாக இருந்தால் அதே விரல் விசையில் அழுத்தம் இன்னும் கூடும். இந்த அழுத்தத்தில் உட்படலம் சுருள் சுருளாக உரிந்துபோகிறது, நடுவடுக்கு கிழிகிறது. தடிப்பைத் தூண்டும் முதல் அடி இங்கேதான் விழுகிறது. நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் சேதம் என்பதால் சிரை வெளியே அழகாக, பளபளப்பாகவே தோன்றும். அழுத்தத்தை 150-க்குள் வைக்கும் தடுப்பான் பொருத்திய ஊசிக்குழாய் இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும்.

இதையெல்லாம் தவிர்க்கும் வழியாக ஸ்வீடனின் ஓரெப்ரோவில் டொமிங்கோஸ் சோசா உருவாக்கியது தொடாமல் எடுக்கும் முறை. சிரையைச் சுற்றிய கொழுப்போடு சேர்த்தே எடுப்பார்கள், விரிக்கவே மாட்டார்கள். சுவரின் சொந்த நுண்குழாய்கள் தப்புகின்றன. சுற்றிய கொழுப்பு வளையாமல் தாங்குகிறது. அவர்களின் 16 ஆண்டுத் தொடர்ச்சியில் இந்தச் சிரைகளில் 83%, வழக்கமான சிரைகளில் 64% திறந்திருந்தன. சீனாவில் 2,655 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்விலும் ஓராண்டு அடைப்பு 6.5%-லிருந்து 3.7%-க்கு இறங்கியது. 2024-ல் அறிவிக்கப்பட்ட ஸ்வீட்கிராஃப்ட் ஆய்வோ, 902 பேரிடம், தோல்வி தொடாமல் எடுத்ததில் 19.8%, வழக்கமானதில் 24.0% என்று காட்டியது. இந்த வேறுபாடு புள்ளியியலில் நிலைக்கவில்லை. கால்புண் தொல்லையோ 13.8%-லிருந்து 24.7%-க்குக் கூடியது. சர்க்கரை நோயும் கால் ரத்த ஓட்டக் குறைவும் உள்ளவருக்கு இந்த முறையைத் தேர்வதற்குமுன் இந்தக் கடைசி எண்ணை நிறுத்தி யோசிக்க வேண்டும்.

தைத்து முடித்ததும் ஓட்டத்தை அளக்காமல் மார்பை மூடக் கூடாது. ஓட்டமானியில் நிமிடத்துக்கு 20 மி.லி.க்குக் கீழும் துடிப்புக் குறியீடு (ஒவ்வொரு துடிப்பிலும் ஓட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு) 5-க்கு மேலும் காட்டினால் தையலையோ, முறுக்கையோ, நீளத்தையோ உடனே மறுபார்வை செய்ய வேண்டும். நீளத்தை இதயம் ரத்தம் நிறைந்து புடைத்திருக்கும் நிலையில் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். வெறுமையான இதயத்தில் பொருந்துவது, நிறைந்ததும் இழுபடும்.

சிரையை வெளியிலிருந்து தாங்கும் கோபால்ட்-குரோமியம் வலை உறையும் சோதிக்கப்பட்டது. 224 பேரில், ஓராண்டில் தடிப்பின் பரப்பு 5.79-க்குப் பதில் 5.11 சதுர மி.மீ. போக்கு நல்லதாகத் தெரிந்தாலும் உறுதியாகவில்லை.

மருந்துகள்

அறுவை முடிந்த 6 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரின், தினம் 100 முதல் 325 மி.கி., பிறகு வாழ்நாள் முழுதும். ரத்தக்கசிவு நிற்கவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடலாம். ஆஸ்பிரின் அடைப்பைக் குறைக்கிறது. தடிப்பைக் குறைப்பதாகச் சொல்ல முடியாது. தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோகிரெல் சேர்த்தால் தடிப்புக் குறையுமா என்று நேராகவே கேட்ட கேஸ்கேட் ஆய்வில், 113 பேரிடம் ரத்தக்குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் செலுத்தி அளந்தபோது, குறையவில்லை என்றே வந்தது. அதே வகை மருந்தான டைகாக்ரலோர் சேர்த்த சீனாவின் டகாப் ஆய்வில் 500 பேரிடம் ஓராண்டில் திறந்திருந்தவை 88.7%, ஆஸ்பிரின் மட்டும் பெற்றவரில் 76.5%. நெதர்லாந்தில் 499 பேரிடம் நடந்த பாப்புலர் ஆய்விலோ அடைப்பு டைகாக்ரலோர் சேர்த்தவரில் 10.5%, சேர்க்காதவரில் 9.1%, பலன் இல்லை. ஆகவே இரட்டை மருந்தை எல்லோருக்கும் கண்மூடித் தர முடியாது. இதயத் தாக்குதலோடு வந்தவருக்கும், இதய-நுரையீரல் பம்பு இல்லாமல் துடிக்கும் இதயத்திலேயே தைத்தவருக்கும், ரத்தக்கசிவு ஆபத்து குறைந்தவருக்கும் ஓராண்டு தருவது நியாயமானது.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வேறு கட்டத்தில் வேலை செய்கிறது. 1997-ல் வெளியான 1,351 பேர் ஆய்வில் எல்.டி.எல். கொழுப்பைக் கடுமையாகக் குறைத்த குழுவில் கிராஃப்ட் நோய் முற்றியது 27%, மிதமாகக் குறைத்ததில் 39%. அதே ஆய்வில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் குறைந்த அளவில் எதுவும் செய்யவில்லை. எனவே அட்டோர்வாஸ்டாட்டின் 40–80 மி.கி. அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20–40 மி.கி. எல்லோருக்கும், எல்.டி.எல். 70-க்குக் கீழ். ஆனால் அதற்கும் மேலாக எவோலோகுமாப் ஊசியால் கொழுப்பை இன்னும் இறக்கிய நியூட்டன் ஆய்வில், 24 மாதத்தில் கிராஃப்ட் நோயில் மாற்றம் தெரியவில்லை. முதல் இரண்டு ஆண்டின் அடைப்பைக் கொழுப்பு தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது இன்னொரு சான்று. ஊசி வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. மற்றத் தமனிகளுக்கும் பிற்காலக் கட்டத்துக்கும் அதன் தேவை அப்படியேதான் இருக்கிறது.

புகையை நிறுத்தாதவரிடம் மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது.

தொடர் கவனிப்பு

நெஞ்சுவலி திரும்பினால் சி.டி. ஆஞ்சியோகிராமே சிரைக் கிராஃப்டின் நிலையைப் பெரும்பாலும் காட்டிவிடும். பழைய சிரைக்குள் ஸ்டென்ட் வைக்கும்போது மென்மையான படிவு உடைந்து கீழே போய்ச் சிறு தமனிகளை அடைப்பது அடிக்கடி நேரும் சிக்கல். ஆகவே முடிந்தவரை சிரையை விட்டுவிட்டு, அந்த நோயாளியின் சொந்தத் தமனியைத் திறப்பதையே முதலில் யோசிக்கிறார்கள். இரண்டாம் முறை பைபாஸ் தேவைப்படுவோருக்கும், முதல் முறையிலேயே வாழ்நாள் நீண்டிருக்கும் இளையோருக்கும், இரண்டாவது கிராஃப்டாக முன்கைத் தமனியை எடுப்பது நல்ல தேர்வு. ஆறு ஆய்வுகளின் 1,036 பேர் தரவைச் சேர்த்துப் பார்த்ததில், ஐந்தாண்டுத் தொடர்ச்சியில் அதன் அடைப்பு சிரையினுடையதில் பாதிக்கும் குறைவு. முன்கைத் தமனிக்கு ஒரு நிபந்தனை உண்டு: அது போய்ச் சேரும் தமனியில் கடுமையான அடைப்பு இருக்க வேண்டும். மிதமான அடைப்பில் சொந்த ரத்த ஓட்டம் போட்டியிட்டு, முன்கைத் தமனி நூல்போல் சுருங்கிவிடும். அந்த இடத்தில், தொடாமல் எடுத்த, விரிக்காத ஒரு நல்ல சிரையே மேல்.